பொட்டுக்குப் பின்னே ஒரு வௌவால்

அக்கா மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், சீனியரிடம் வாங்கிய 'போன் செட்' எலும்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அதைக் கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாதென்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டதால் திண்ணையில்தான் படிப்பு. மண்டையோட்டின் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியை அடிப்பக்கத்துச் சின்னத் துளை ஒன்றில் நுழைத்தாள். குச்சியின் நுனி உள்ளே முளைத்தது.

"இது வழியா ஒரு ரத்தக்குழாய் போகுது மாமா. அதோட கிளை ஒண்ணு நேரா பொட்டுக்குப் பின்னாடி ஏறும். அது கிழிஞ்சா அவ்வளவுதான்."

பொட்டில் அடித்தாற்போல என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். கண்ணோரத்துக்கும் காதுக்கும் நடுவே, அந்த நெற்றிப்பொட்டில், நாலு எலும்புகள் வந்து கூடுகின்றன. அவற்றில் ஒன்றுதான் ஸ்பீனாய்டு. மண்டையோட்டின் மிக மெல்லிய இடங்களில் இந்தச் சந்திப்பும் ஒன்று. அதன் உட்பக்கத்தை ஒட்டியே நடு மூளையுறைத் தமனியின் கிளை ஓடுகிறது. எலும்பில் விரிசல் விட்டால் அதுவும் கிழியலாம். ரத்தம் மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே தேங்கும்.

இதில் கொடுமை, அடிபட்டவர் முதலில் நன்றாகவே இருக்கக்கூடும். 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்த ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், தனக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவ உதவியை மறுத்துவிட்டார். சற்று நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் உயிர் போய்விட்டது. வயது 45. மூளையுறைக்கு வெளியே ரத்தம் தேங்கியதே காரணம் என்றது பிரேதப் பரிசோதனை. தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து விளையாடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஸ்பீனாய்டை வெளியிலிருந்து நெருங்கக்கூடிய இடம் அநேகமாக இந்தப் பொட்டு மட்டுந்தான். மற்றதெல்லாம் மூக்குக்குப் பின்னால், கண்குழிகளுக்கு நடுவே ஒளிந்துகிடக்கிறது. கிரேக்க மொழியில் ஆப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். பாடப் புத்தகங்கள் வண்ணத்துப்பூச்சி என்று வர்ணிக்கும். திண்ணையில் தனியாக இருந்த இந்த எலும்பின் மாடலைக் கையில் எடுத்துப் பார்த்த எனக்கு வௌவாலாகத்தான் பட்டது. இரண்டு பெரிய சிறகு, இரண்டு சின்னச் சிறகு, கீழே தொங்கும் இரண்டு கால். மூளையைப் பொதிந்திருக்கும் எட்டு எலும்புகளில், மற்ற ஏழையும் தொட்டுக்கொண்டிருப்பது இது ஒன்றே.

வௌவாலின் முதுகில் ஒரு பள்ளம். குதிரைச் சேணம் போலிருப்பதால் 'துருக்கிச் சேணம்' என்று பெயர். அதில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. சேணத்துக்கு அடியில் காற்று நிரம்பிய வெற்றறை. பிறக்கும்போது இல்லாமல், வளர வளரக் குடைந்துகொண்டு உண்டாவது. அறையின் பக்கச் சுவர்களை ஒட்டிப் பார்வை நரம்புகளும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகளும் செல்கின்றன. நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்கு முட்டையோடு கனந்தான். சிலருக்கு அங்கங்கே அதுவும் கிடையாது.

பிட்யூட்டரியில் கட்டி வந்தால் சிலருக்கு மோதிரம் விரலில் ஏறாது, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகும். கட்டி மேலே வளர்ந்து பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தினால், நேரே இருப்பது தெரியும், இரண்டு ஓரமும் தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கும். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் கட்டியை எடுக்க மண்டையைத் திறக்காமல், ஸ்பீனாய்டின் வெற்றறையையே வழியாக்கியவர் ஹெர்மன் ஷ்லோஃபர். 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில், மூக்கை ஒரு பக்கமாகப் புரட்டிப்போட்டு உள்ளே போனார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங், மேலுதட்டுக்கு அடியில் கீறி அதே அறைக்குப் போனார். 1920களின் இறுதியில் அதைக் கைவிட்டு மண்டையைத் திறக்கும் வழிக்கே திரும்பினார். பெரியவர் விட்டதும் ஏறக்குறைய எல்லோரும் விட்டார்கள். விடாமல் செய்துவந்த வெகு சிலரில் ஒருவர், குஷிங்கிடம் படித்த எடின்பரோவின் நார்மன் டாட்; அதற்காக விளக்கு பொருத்திய கருவியையும் உருவாக்கிக்கொண்டார். அவரிடம் பாரீஸின் ஜெரார் கியோ கற்றார், கியோவிடம் மான்ட்ரியலின் ஜூல் ஹார்டி கற்றார். 1960களில் ஹார்டி நுண்ணோக்கியையும் உள்ளே கொண்டுவந்தார். ஓரிருவர் பிடிவாதத்தில் பிழைத்த வித்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்று மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் போகிறது. வெளியே தழும்பே இல்லை.

அதே அறையில் சளி கட்டிக்கொண்டால் தொல்லை வேறு மாதிரி. மூக்கு ஒழுகாமலே இருக்கலாம். வலி உச்சந்தலையிலோ கண்ணுக்குப் பின்னாலோ தெரியும். தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை மூக்கில் தொடங்கி இதுபோன்ற காற்றறைகள் வழியாகத்தான் கண்ணுக்கும் மூளைக்கும் போனது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களை அது அதிகம் பிடித்தது. அறையின் கூரையில் விரிசல் விட்டால் இன்னொரு விபரீதம்: குனியும்போது ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் போலச் சொட்டும். ஜலதோஷம் என்று நினைப்பார்கள். சொட்டுவது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் அந்த வழியாகக் கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம்.

"வைவா பரீட்சையில இந்த எலும்பக் கையில கொடுத்தா போச்சு மாமா. எது முன்பக்கம்னே குழம்பிடும்" என்றாள் அவள், குச்சியை அடுத்த துளைக்கு மாற்றியபடி. அது வட்டத் துளை, கன்னத்துக்குப் போகும் நரம்புக்கானது. பக்கத்தில் முட்டை வடிவில் இன்னொன்று, தாடைக்கு.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்:

"அந்தக் குச்சியத் திரும்பத் துடைப்பத்துல செருகிடாதேடி!"