ஓசூர் டு ஐரோப்பா: கப்பல் டிக்கெட் எடுக்கும் முன் விசாவைக் கவனிங்க!
ஓசூரிலிருந்து பெங்களூரு போய் விமானம் ஏறி, பாரிஸ், ரோம் பார்த்துவிட்டு ஏதென்ஸில் கப்பல் ஏறுவதாகத் திட்டமா? மூன்று ஊருக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்.

சிக்கல் கப்பலில்தான். அது துருக்கியின் குசாதாசிக்குப் போய் ஏதென்ஸ் திரும்பினால், ஷெங்கனை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதாகக் கணக்கு. ‘சிங்கிள் என்ட்ரி’ விசா இருந்தால் கப்பலில் ஏறவே அனுமதி மறுக்கப்படலாம். ‘மல்டிபிள் என்ட்ரி’ கேட்டு, கப்பல் டிக்கெட்டையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். துருக்கி விசா விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பம். 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஏதென்ஸுக்கு ஒருநாள் முன்பே போய்விடுவது நல்லது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது!