ஆளுக்கொரு காரணம்

பெயர் தெரியாத நோவு – 11

முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் கையெழுத்துதான். பத்தாம் வகுப்பு வரை முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த பையன் பிளஸ் ஒன் போனதும் கிறுக்கத் தொடங்குகிறான். எழுத்து சிறுத்துப்போகிறது, கோட்டை விட்டு இறங்குகிறது. பரீட்சையில் கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை. வீட்டில் அதட்டிக் கேட்டால், "கை ஒரு மாதிரியா இருக்கும்மா" என்கிறான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பையன் குறிப்பிட்ட ஒருவன் அல்ல. வில்சன் நோய் வந்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தால், பலரின் கதையும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகிறது. எல்லாரையும் சேர்த்து ஒரு பையனாக்கிக்கொண்டேன். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த நோய்களில், என்ன காரணம் என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வகுப்பாசிரியரைக் கேட்டால் செல்போன் என்பார். அப்பாவுக்குச் சேர்க்கை சரியில்லை. அம்மாவுக்கு, காலையில் ஒரு இட்லிகூடச் சாப்பிடாமல் ஓடுவதுதான் காரணம். பையன் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று ஆத்தா சொல்ல, வெள்ளிக்கிழமை வேப்பிலை அடித்து மந்திரித்துக் கயிறு கட்டியாகிறது. தெருமுனை கிளினிக்கில் பரீட்சை டென்ஷன் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதித் தருகிறார்கள். இதில் ஒன்றுகூட அபத்தமான காரணம் இல்லை என்பதுதான் சங்கடம். பதினாறு வயதுப் பையன்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் பொருந்தும்.

பிறகு பேச்சு குழறுகிறது. வாயோரம் எச்சில் வழிகிறது, தலையணை நனைகிறது. தட்டிலிருந்து சோற்றை எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி சிந்துகிறது. சுள்ளென்று கோபம் வருகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. இவற்றோடு இன்னொன்றும் சிலருக்கு வரும். முகத்தின் தசைகள் இறுகி, மேலுதடு பின்னுக்கு இழுபட்டு, பார்க்கிறவர்களுக்கு எந்நேரமும் இளித்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். திட்டும்போதும் அந்த இளிப்பு மாறாது. "எவ்வளவு திமிர் பாரு, சிரிக்கிறான்" என்று இன்னும் இரண்டு அடி விழும். நரம்பியல் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த அறிகுறி, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்று அந்தப் புத்தகத்தில் இருக்காது.

எல்லாருக்கும் கையில் தொடங்குவதில்லை. வயது குறைந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கல்லீரலில்தான் தெரியும்: காமாலை, வயிற்று வீக்கம், கால் வீக்கம். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். சிலருக்குத் தானாகவே கொஞ்சம் தணியும். கீழாநெல்லிக்குப் பெயர் கிடைக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். முட்டி வளைந்து, எலும்பு நொந்து, எலும்பு டாக்டரிடம் போய்ச் சேர்கிற பிள்ளைகளும் நம் நாட்டில் உண்டு. ஒரே நோய் நான்கு துறை வாசல்களில் நான்கு வேஷத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு துறையிலும் அவரவருக்குப் பழக்கமான நோயின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடிகிறது.

நடப்பது இதுதான். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு உடம்புக்குள் போகிறது. தேவை அதில் கொஞ்சம்தான். மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளி வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கான மரபணு 13ஆவது குரோமோசோமில் இருக்கிறது, கண்டுபிடித்தது 1993இல். அப்பா வழியாக வந்த பிரதி, அம்மா வழியாக வந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால், சாக்கடை அடைத்த வீடு போலச் செம்பு உள்ளேயே தேங்குகிறது. முதலில் கல்லீரலில், அங்கே நிரம்பிய பிறகு மூளையில், கண்ணில், சிறுநீரகத்தில். பிறந்த நாளிலிருந்தே தேங்கத் தொடங்கினாலும் வெளியே தெரியப் பல வருஷம் ஆகும். அது பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் வந்து விழுகிறது. அந்த வயதில்தான் எதற்கும் 'வயசுக் கோளாறு' என்ற பதில் தயாராக இருக்கிறது.

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1912இல் இந்த நோயைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். லண்டன் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர் நேரில் கண்ட நோயாளிகள் நான்கு பேர்; இளம் வயதினர். நடுக்கமும் இறுக்கமும் பேச்சுக் குழறலுமாக வந்தவர்களின் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. மூளை நோய்க்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு என்று அவர் வியந்தார். செம்பு என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1902இல் கைசர், 1903இல் பிளைஷர் என்று இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். அந்த நிறம் வெள்ளியால் வந்தது என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தார்கள். மூளையிலும் கல்லீரலிலும் செம்பு மிதமிஞ்சி இருப்பதை கமிங்ஸ் என்ற ஆய்வாளர் 1948இல் அளந்து காட்டினார்.

அந்த வளையம்தான் நம் பையனைக் காப்பாற்றக்கூடியது. மூளைப் பாதிப்பு தொடங்கிய வில்சன் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ஆனால் நம்மவர்களின் கண் கரும்பழுப்பு. நீலக் கண்ணில் வெறும் பார்வைக்கே தெரியக்கூடிய வளையம் இந்தக் கண்ணில் ஒளிந்துகொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் அதை நம்ப முடியாது. 'ஸ்லிட் லேம்ப்' வேண்டும். கண்ணாடி போடப் போகும்போது முகவாயை வைத்து நெற்றியை முட்டிக்கொண்டு உட்காருவோமே, அந்தக் கருவிதான். எந்தக் கண் ஆஸ்பத்திரியிலும் இருக்கும், சில நிமிஷ வேலை. மாதக்கணக்கில் மந்திரிக்கவும் சத்து மாத்திரைக்கும் அலைந்த குடும்பத்தை யாராவது ஒருவர் அந்த நாற்காலிக்கு அனுப்பியிருக்கலாம். கல்லீரலோடு மட்டும் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையம் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற செம்புப் புரதத்தின் அளவு, 24 மணி நேரமும் சேர்த்துப் பிடித்த சிறுநீரில் செம்பின் அளவு, தேவைப்பட்டால் மூளைக்கு எம்.ஆர்.ஐ., கல்லீரல் திசுப் பரிசோதனை, மரபணுச் சோதனை என்று போகும். செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள்.

டாக்டர் கேட்கும் ஒரு கேள்விக்குப் பல வீடுகளில் பதில் சட்டென்று வராது. "இவனுக்கு மூத்தது யாரும் தவறிப்போச்சாம்மா?" அம்மா தரையைப் பார்ப்பார். "ஒண்ணு இருந்துச்சு சார். எட்டு வயசுல மஞ்சக் காமாலைல போயிருச்சு." அடுத்து, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" "அவரு எனக்கு அத்தை மகன்." 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டியவர்கள். ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பழுதான பிரதி இரு பக்கமும் சேர்ந்துவிட அங்கே வாய்ப்பு அதிகம். அதற்காக அந்த அம்மாவை அங்கேயே குற்றவாளியாக்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்நியத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. பழுதான ஒரு பிரதியைச் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் எல்லாச் சாதியிலும் ஊரிலும் உண்டு.

இன்னொரு சந்தேகமும் உடனே வரும்: வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்ததாலா? இல்லை. குடம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலுக்கும் கைக்குழந்தைகளின் ஒருவகைக் கல்லீரல் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1980களில் புனே பகுதி ஆய்வுகள் சொன்னது வேறு கதை. ஆனால் வில்சன் நோய் இருப்பது தெரிந்த பிறகு செம்புக் குடம், இப்போது மோஸ்தராகிவிட்ட செம்பு பாட்டில் இரண்டையும் எடுத்து வைத்துவிட வேண்டும். ஆட்டு ஈரல், நண்டு, சாக்லேட், முந்திரி, காளான் எல்லாம் குறைந்தபட்சம் முதல் ஒரு வருஷம் தட்டுக்கு வராது.

பையன் தரப்பையும் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசி முடித்துவிடுகிறார். 'படிக்கவே மாட்டேங்கிறான் சார்' என்று தொடங்கிய பேச்சு அதே தடத்தில் போய்விடுகிறது. இந்த வயதில் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எட்டாம் வகுப்பு நோட்டு ஒன்று, இந்த மாத நோட்டு ஒன்று, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போ. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று ஒரு தாளில் எழுதி வை. எழுத வரவில்லை என்றால் தங்கையை எழுதச் சொல். ஐந்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேள். வீட்டில் யாரும் காது கொடுக்காவிட்டால், அரசுப் பள்ளிகளுக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் எங்கே போவது என்று கேட்கலாம். கை நடுங்கும் எல்லாருக்கும் வில்சன் நோய் இல்லை. உலக அளவில் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருவது இது. தைராய்டு தொடங்கி இன்னும் பல காரணங்கள் அதற்கு முன் வரிசையில் நிற்கின்றன. நடுக்கத்தோடு பேச்சும் கையெழுத்தும் சேர்ந்து மாறுகின்றன என்றால், மன அழுத்தம் என்று எழுதுவதற்கு முன் செம்பைப் பார்த்துவிடுங்கள் என்பதுதான் நரம்பியல்காரர்களின் கெஞ்சல்.

கெஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. பரம்பரை நோய்களில் மருந்துக்கு இந்த அளவு கட்டுப்படுபவை அதிகம் இல்லை. 1950களின் தொடக்கத்தில் வலி மிகுந்த ஓர் ஊசிதான் இருந்தது. ஆர்சனிக் கலந்த விஷ வாயுவுக்கு முறிவாக உலகப் போர்க் காலத்தில் செய்த மருந்து அது. ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகும் பெனிசிலமைனை 1956இல் அறிமுகப்படுத்தினார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த மனிதர். பிறகு டிரையன்டீன் வந்தது. குடலிலேயே செம்பை மறிக்கும் துத்தநாகமும் வந்தது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் நடுக்கம் குறைவதற்குப் பதில் சிலருக்குக் கூடிவிடுவதுண்டு. இதை முதல் நாளே சொல்லாவிட்டால் குடும்பம் மருந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி கயிறு கட்டப் போய்விடும். நன்றாகத் தேறி, கல்லூரி விடுதிக்குப் போய், ஒரு நாள் 'நமக்குத்தான் சரியாயிருச்சே' என்று நிறுத்துகிறவர்கள் அதைவிட ஆபத்தில் இருக்கிறார்கள். நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் திடீரென்று செயலிழந்து உயிர் போயிருக்கிறது. இது ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை.

பையனுக்கு நோய் உறுதியானதும் டாக்டர் அடுத்துக் கேட்பது தங்கையை. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கியவள். சோதனை முடிவு வருகிறது, அவளுக்கும் இருக்கிறது. நோய் தலைகாட்டுவதற்கு முன்பே மருந்து தொடங்கினால் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்வாள். ஆனால் அவள் கேட்கிறாள்: "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே டாக்டர், நான் எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?" அவளுக்கு யார், எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று அடுத்த வாரம்.