வானத்திலிருந்து வரும் பசளை

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் காலை வைத்தால் அமிழும் சதுப்பு நிலங்கள் உள்ளன. ஆறோ ஓடையோ அவற்றுக்கு நீர் கொண்டுவருவதில்லை. மழையும் பனியும் காற்றில் வரும் தூசும் தருவதே அங்கு வளரும் ஸ்பக்னம் என்ற பாசிக்கு உணவு. பாசியோடு சேர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அதற்குக் கொடுக்கின்றன. இறந்த பாசி முழுதாக உக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது.

அம்மாகாணத்தின் போர்ட் மக்மரி நகருக்கு அருகே எண்ணெய் மணல் அகழும் பெருஞ்சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் புகையும் தூசும் நைதரசனையும் கந்தகத்தையும் கல்சியத்தையும் சுற்றியுள்ள சதுப்புகளில் இறக்குகின்றன. பசளை சும்மா வருகிறதே, நல்லதுதானே என்று எமக்குத் தோன்றும். ஆராய்ச்சியாளர் ஒரு சதுப்பில் 5 ஆண்டுகள் நைதரசனைத் தெளித்துப் பார்த்தனர். அளவு கூடியபோது நுண்ணுயிர்கள் தம் வேலையைக் குறைத்துக்கொண்டன. பாசி பிடித்து வைக்காத நைதரசன் கீழே இறங்கியது, புதர்கள் செழித்தன. இம்முடிவு 2019இல் வெளிவந்தது.

மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக ஊரை விட்ட குடும்பங்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. பாட்டன் காலந்தொட்டு இலைதழை உக்கிய தோட்டங்கள் தண்ணீருக்கடியில் போயின. புதிய காணியில் அந்தச் சேமிப்பு இல்லாததால் யூரியா மூட்டையையே நம்புகிறோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கும் வரை கமக்காரர் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஒரே போகத்தில் மாறு என்றால் மண் மாறுமா?

கௌப்பியிலும் பயற்றிலும் சதுப்பின் கதைதான். ஒரு செடியை மெதுவாகக் கிண்டியெடுத்து வேரைப் பாருங்கள். சிறுகணுக்களை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. யூரியாவை அள்ளிப் போட்ட பாத்தியில் கணுக்கள் குறைந்திருக்கும். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள்.

மாத்தளையில் மிளகுக் கொடிக்குத் தாங்கியாக நடும் கிளிரிசிடியாவும் இந்த இனந்தான். அதன் காய்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை நைதரசன். வெட்டிய கொப்பை எரிக்காமல் கொடியின் அடியில் பரப்புங்கள். பொசுபரசை மட்டும் காற்றிலிருந்து பிடிக்க முடியாது. அதற்கு எருவும், புளிப்பு மண்ணில் நிற்கும் மிளகு போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு எப்பாவலைப் பாறைப் பொசுபேற்றும் உதவும். அது மெதுவாகவே கரைவதால் நெல்லுக்குச் சரிவராது.