இரவுதோறும் மாறும் வீமன்: உத்திரமேரூர் வட்டாரப் பாரதக் கூத்தை முன்வைத்து

உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் அக்கினி வசந்த விழா, பெரும்பாலும் கோடைக்காலத்தை ஒட்டி நிகழ்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, இறுதி நாளில் படுகளமும் தீமிதியும் என்பது அதன் பொது ஒழுங்கு. ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்கப்பட்டதை முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. ஆகவே இந்நிலப்பகுதியில் பாரதம் கேட்கும் மரபு 7-ஆம் நூற்றாண்டிலிருந்தே சான்றுடையது. கூத்து பல இரவுகளாகப் பகுக்கப்பட்டிருப்பதால், ஒரே பாத்திரம் ஒவ்வோர் இரவும் திரைக்குப் பின்னிருந்து புதிதாக வெளிப்படுகிறது. அப்பாத்திரம் ஒவ்வோர் இரவிலும் எவ்வாறு மாறுகிறது என்பதை வீமனைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தொடர் வடிவில் வரும் சண்டை விளையாட்டுகளை அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 1991-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் நிகழ்பட விளையாட்டில் சாங்கீஃப் என்னும் உருசிய மல்லன் தோன்றினான். தொலைவிலிருந்து தாக்க இயலாமல், எதிரியை அணுகிப் பிடித்துச் சுழற்றி வீழ்த்துவதே அவன் இயல்பு. 2023-இல் வந்த ஆறாம் பாகத்திலும் அவன் மல்லனே. இடைப்பட்ட பதிப்புகளில் பிடிகள் கூடின, மாறின, பேருடல் மாறவில்லை. வீமனிடமும் உடல் நிலையானது. ஆனால் அவனிடத்தில் மாறுவது போர்முறை மட்டுமன்று. அவ்வலிமையை எவர் ஏவுகிறார், எவர் தடுக்கிறார் என்பதே இரவுக்கு இரவு மாறுகிறது.

பகாசுரன் வதத்தில் அவனை ஏவுபவள் தாய் குந்தி. அசுரனுக்குரிய சோற்று வண்டி ஊர்த் தெருக்களில் வலம் வரும். மக்கள் தத்தம் வீட்டு உணவை அதில் சேர்ப்பர். வீமன் உண்டபடியே வருவான். சிறுவர்கள் வண்டியின் பின்னே ஓடுவர். அவன் பேருடலின் பொருள் இங்குப் பசி. அசுரனுக்கு அனுப்பிய சோற்றை அவன் எதிரிலேயே தின்று தீர்ப்பதுதான் முதல் தாக்குதல். அதன்பின் வரும் மற்போர், உண்மையைச் சொன்னால், விருந்தின் பிற்சேர்க்கை போன்றது. ஊரார் ஊட்டி வளர்த்த வீரனாக வீமன் அறிமுகமாவது இந்நிகழ்விலேதான்.

துகிலுரிதல் இரவில் அதே உடல் செயலற்று நிற்கிறது. சூதாடிய அண்ணன் கைகளை எரிப்பேன் என வெகுண்டவனை அருச்சுனன் அடக்குகிறான். களத்தில் மிகவும் வலியவன் எவனோ அவனே இங்கு எதுவும் செய்ய முடியாதவன். எஞ்சுவது சூளுரை ஒன்றே. தண்டு ஏந்திய கையை ஓங்காமல் நிற்பதே இவ்விரவில் நடிகர்க்கு வாய்க்கும் கடினமான ஆட்டம் என்று கருதுகிறேன்.

கீசகன் வதத்தில் அவனைத் தடுப்பது மறைவாழ்க்கை. விராடனின் மடைப்பள்ளியில் சமையல் செய்பவன், பெண்ணுருவில் இருளில் காத்திருக்கிறான். பகாசுரன் நிகழ்வின் நகைச்சுவை மீள்கிறது. ஆனால் அதில் கொலையின் நிழல் படிந்துள்ளது.

பதினெட்டாம் போரில் தடையாக நிற்பது தண்டுப்போரின் நெறி: நாபிக்குக் கீழே அடித்தலாகாது. கண்ணன் தொடையைக் குறிப்பால் காட்ட, வீமன் நெறியை மீறுகிறான். இப்போர் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவின்மீது நிகழ்த்தப்படுகிறது. மல்லாந்து கிடக்கும் அப்பேருருவைச் சுற்றி ஓடும் வீமன், அன்று களத்தில் சிறியவனாகத் தோன்றுகிறான்! விழா முழுவதும் அவனுக்கு உரியதாயிருந்த பருமன், வீழப்போகும் பகைவனுக்குச் சென்றுவிடுகிறது. தொடை பிளந்து செந்நீர் வடிய, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். மறுபுறம் துரியோதனனுக்கு ஒப்பாரி எழுகிறது. சூளுரை நிறைவேறியும் வீமன் வெற்றி மட்டும் பெற்றவனாக நிற்பதில்லை.

இம்மாற்றம் முழுமையாக விளங்க இரவுகள் தொடர்ச்சியாக நிகழ வேண்டும். ஜமாவுக்கான ஊதியம், பந்தல், ஒலிபெருக்கி ஆகிய செலவுகளைத் தாங்க இயலாத ஊர்கள் இரவுகளைக் குறைக்கும்போது துகிலுரிதல், அருச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் ஆகியவற்றை விடத் துணிவதில்லை. தீமிதியும் படுகளமும் சடங்காதலால் அவையும் நிலைபெறும். விடுபடுவது பகாசுரன் வதம் போன்றவை. அவ்வாறாயின் சிறுவர் முதன்முதலில் காணும் வீமன், உண்டு களிப்பவன் அல்லன், சினந்து அடங்கியவன். படுகளத்தில் அவர்கள் காண்பது பழிவாங்குபவனை மட்டுமே. சோற்று வண்டி ஊர்வலம் பகலிலும் நடத்தத்தக்கது. அதற்குத் தேவையான உணவும் ஊராரிடமிருந்தே வருவது. இரவுகளைக் குறைக்க நேரும் விழாக்குழுவினர், இதைத் தனியே பிரித்தேனும் தக்கவைக்கலாம்.