சிவந்து போகும் விருந்தாளி

தம்பி தங்கைகளே, புளத்கொகுபிட்டியப் பக்கத்து இறப்பர் மலைகளில் காலை ஆறு மணிவாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும் ஒரு குருவியைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தியிலும் அதே நேரத்துக்குக் கூப்பிடும். பெயரே ஆறுமணிக் குருவி. சிங்கள அயலார் ‘அவிச்சியா’ என்பார்கள். சித்திரை முடிவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிடும். குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க இந்தியாவுக்குப் போய்விடும்.

குளிர்நாட்டுப் பிள்ளைகள் வசந்தத்தில் பறவைகளை வரவேற்பார்கள். நாமோ அப்போதுதான் வழியனுப்புகிறோம். புறப்படும் பறவைகளைப் பெருங்கூட்டமாகப் பார்க்கத்தான் பங்குனிக் கடைசியில் மன்னாருக்கு பஸ் ஏறினோம். மதவாச்சி தாண்டியதும் மலையே இல்லை, எல்லாம் தட்டை! மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியின் அருகே வங்காலைச் சரணாலயம்: 4,839 ஹெக்டேயர் உவர்நிலமும் சேறும் ஆழமில்லாத கடல்நீரும். 2008இல் சரணாலயமானது, 2010இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கூட வந்த பிள்ளைகள் பூநாரையைத்தான் தேடினார்கள். என் கண் போனது சேற்றில் ஓடித் திரிந்த ஒரு சின்ன உள்ளான்மேல். நிறை ஒரு கோழிமுட்டை அளவுதான். சொண்டு நீளம், நுனி கீழே வளைந்தது. தையல் மெஷின் ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே நடந்தது. புழு எங்கே என்று அதற்குக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. சொண்டு நுனியில் இருக்கும் நுண்ணிய உணர்வுக் குழிகள் தொட்டே கண்டுபிடித்துவிடும்.

தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு வேடிக்கை. முதுகு சாம்பல், நெஞ்சில் மட்டும் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாய்ப் புது இறகு, பாதி பூசி விட்ட சுவர் மாதிரி. கல்யாண உடுப்பு தயாராகிறது! போகுமிடம் சைபீரியாவின் வடகோடி, இங்கிருந்து 7,000 கிலோமீற்றருக்கு மேல். அதற்கான எண்ணெய்தான் உடம்பில் சேரும் கொழுப்பு. அதனால்தான் இந்த ஓயாத தீனி.

சரி, கிளம்பும் நேரம் எப்படித் தெரியும்? ஐரோப்பாவில் பகல் மளமளவென்று நீளும். நம் நாட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். ஆனாலும் பறவை பிசகுவதில்லை. பகல் வெளிச்சத்தோடு, உடம்புக்குள்ளேயே ஓடும் ஒரு வருடக் கடிகாரமும் அதை எழுப்பிவிடுகிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஆனி மாதத்திலும் வங்காலையில் சில சாம்பல் உள்ளான்களைக் காணலாம். வழிதவறியவை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் போன வருடம் பொரித்த குஞ்சுகள். குடும்பம் நடத்த வயது வராததால் இங்கேயே தங்கிவிட்டன.

மன்னார் தூரம்தான். ஆறுமணிக் குருவி கிட்டத்தில் இருக்கிறதே! அது கடைசியாகக் கூப்பிட்ட தேதியைக் கொப்பியில் குறித்து வையுங்கள். ஐப்பசி வாக்கில் திரும்பி வந்து முதல் விசில் அடிக்கும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.