சமூக ஊடக வாணிகமும் நம்பிக்கையும்

வாணிகத்திற்கு முதல் இரண்டு வகைப்படும். ஒன்று, வணிகன் கையிலுள்ள பொருள். மற்றொன்று, அவன்மேற் பிறர் வைத்துள்ள நம்பிக்கை. பொருளாகிய முதலைக் கடன் பெற்றேனும் அமைத்துக்கொள்ளலாம். நம்பிக்கையாகிய முதலையோ கடனாகப் பெறுதல் இயலாது. ஈட்டியே தீரல் வேண்டும். கடைத்தெருவில் மட்டும் வாணிகம் நிகழ்ந்த காலத்து இம்முதல் மெல்ல மெல்லத் தானே சேர்ந்தது. வாங்குவோன் கடைக்காரனை முகமறிவான். அவன் குடும்பத்தையும் அறிவான். பொருளைத் தொட்டும், முகர்ந்தும், நிறுத்தும் பார்ப்பான். குறை காணின் மறுநாளே திரும்பச் சென்று கேட்பான்.

இக்காலத்து வாணிகத்தின் பெரியதொரு பகுதி கைப்பேசித் திரையில் நடைபெறுகின்றது. 2004-ஆம் ஆண்டில் முகநூலும், 2005-இல் யூடியூபும், 2009-இல் வாட்சப்பும், 2010-இல் இன்ஸ்டாகிராமும் தோன்றின. மக்கள் தம்முள் அளவளாவுதற்கும் படங்காட்டி மகிழ்தற்கும் எழுந்த இவை நாளடைவிற் சந்தைகளும் ஆயின. சேலையும், தின்பண்டமும், கைவினைப் பொருள்களும் இவற்றின் வாயிலாக வீட்டிலிருந்தே விற்போர் இன்று பலர். நம் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் இத்தொழிலை மேற்கொள்வார் உளராவர். ஒருவரையொருவர் முகமறியாத இச்சந்தையில் வாங்குவோர் நம்பிக்கையை ஈட்டும் வழி யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், நம்பிக்கையின்மை ஒரு சந்தையை எவ்வாறு கெடுக்கும் என்பதை அறிதல் நலம். ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், 1970-இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கினார். இத்துறை ஆராய்ச்சிக்காக 2001-இல் வேறிருவருடன் நோபெல் பரிசும் பெற்றார். அவர் கருத்தை நம் நாட்டுப் பட்டுச் சேலையின்மேல் வைத்துக் காண்போம். தூய பட்டுச் சேலை 10,000 ரூபாய் பெறும் எனவும், கலப்பு நூற்சேலை 4,000 ரூபாய் பெறும் எனவும் வைத்துக்கொள்க. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். வேறுபாடு விற்போனுக்குத் தெரியும், வாங்குவோனுக்குத் தெரியாது. ஆதலின் அவன் ஏமாற்றத்திற்கு அஞ்சி, இரண்டிற்கும் நடுவாகிய 7,000 ரூபாய்க்குமேல் தர உடன்படான். அவ்விலைக்குத் தூய பட்டை விற்பவனுக்கு நட்டமாகும். அவன் சந்தையை விட்டு விலகுவான். போலியை விற்பவனுக்கோ 3,000 ரூபாய் மிகை ஊதியம். இங்ஙனம் நல்ல சரக்கு விலகப் போலியே எஞ்சும். அதனை உணர்ந்த வாங்குவோர் தாம் தரும் விலையை மேலும் குறைப்பர். ஆகவே, நம்பிக்கை இல்லாத சந்தையில் முதலிற் கெடுபவன் நேர்மையான வணிகனே என்பது பெறப்படும்.

அற்றேல், அவன் தன்னைப் போலி வணிகனினின்று பிரித்துக்காட்டுவது எங்ஙனம்? “என் பொருள் தூயது” என்று சொல்லுதல் போதாது. அச்சொல்லைப் போலி வணிகனும் அதே குரலிற் சொல்வான்; சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. பொய்யாயின் சொன்னவனுக்கே இழப்புத் தரும் சொல் எதுவோ, அதுவே கேட்போர் நம்பத்தக்க சொல்லாகும். இவ்வுண்மைக்கு இங்கிலாந்து நாட்டுப் பழைய வழக்கொன்று சான்றாக உள்ளது.

1891-இல், கார்பாலிக் ஸ்மோக் பால் என்னும் கருவியை விற்ற கம்பெனி ஒன்று, அதனை நாள்தோறும் மும்முறையாக இரண்டு வாரம் பயன்படுத்திய பின்னரும் இன்புளுயன்சா காய்ச்சல் கண்டவர்க்கு 100 பவுன் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. தன் சொல் மெய்யென்பதற்கு அடையாளமாக 1,000 பவுனை வங்கியில் இட்டுவைத்திருப்பதாகவும் அறிவித்தது. கார்லில் என்னும் அம்மையார் அதனை வாங்கி விதித்தவாறு பயன்படுத்தியும் காய்ச்சலுற்றார். பணம் கேட்டபொழுது, அது வெறும் விளம்பரப் பேச்சே என்று கம்பெனியார் வாதித்தனர். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்து, வங்கியில் இட்ட பணத்தைச் சுட்டிக்காட்டி, அது வெறும் பேச்சன்று என்று தீர்ப்பளித்தது. கம்பெனி 100 பவுனையும் கொடுக்க நேர்ந்தது. மக்கள் அவ்விளம்பரத்தை நம்பியதற்கும், நீதிபதிகள் அதனை வாக்குறுதியாகக் கொண்டதற்கும் காரணம் ஒன்றே. கம்பெனி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது என்பதாம்.

இனி, சமூக ஊடகத்திற்கு வருவோம். பத்திரிகை விளம்பரத்தில் வணிகன் பேசுவான், மற்றையோர் கேட்பர். சமூக ஊடகத்திலோ வாங்குவோரும் பேசுவர். அப்பேச்சை ஊரெல்லாம் கேட்கும். இதுவே இவ்வூடகத்தின் சிறப்பியல்பு. 2008-இல் டேவ் கரோல் என்னும் கனடா நாட்டு இசைவாணர் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் விமானத்திற் சென்றபோது அவருடைய கிதார் உடைந்தது. செப்பனிட்ட செலவு 1,200 டாலர். பல மாதங்கள் முறையிட்டும் நிறுவனம் ஈடுதர மறுத்தது. 2009 ஜூலையில் அவர் அந்நிகழ்ச்சியைப் பாட்டாகப் பாடி யூடியூபில் வெளியிட்டார். சில நாட்களுக்குள்ளேயே பல இலட்சம் பேர் அதனைக் கண்டனர். அதன்பின் நிறுவனம் இசைக்கல்வி நிலையம் ஒன்றிற்கு 3,000 டாலர் நன்கொடை அளித்தது; எனினும் பாட்டுப் பரவுதல் நின்றபாடில்லை. பலர் காண நிற்கும் இந்நிலை பெரிய நிறுவனத்தையும் தலைகுனியச் செய்யும். ஆனால் அதுவே நேர்மையான சிறு வணிகனுக்கு வாய்ப்புமாகும். பலர் காணச் சொன்ன சொல்லிலிருந்து எளிதிற் பின்வாங்க இயலாது என்பதை வாங்குவோர் அறிவர். கம்பெனி வங்கியில் இட்ட 1,000 பவுனைப் போலவே, வணிகன் தன் நற்பெயரை அங்கே ஈடாக வைக்கின்றான். அவ்வாறு ஈடுவைக்கும் வழிகள் நான்கினைக் கூறுவாம்.

முதலாவது, விலையையும் குறையையும் மறையாது கூறுதல். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்திற் கண்ணாடியிழை நீச்சற்குளங்கள் அமைக்கும் ரிவர் பூல்ஸ் என்னும் நிறுவனம், 2008-இன் பொருளாதார நெருக்கடியால் மூடும் நிலையை எய்தியது. அதன் பங்காளிகளுள் ஒருவராகிய மார்க்கஸ் ஷெரிடன், வாங்க வருவோர் தம்மிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களையெல்லாம் எடுத்து, அவற்றிற்கு இணையத்தில் வெளிப்படையாக விடை எழுதத் தொடங்கினார். மற்றையோர் கூறத் தயங்கிய விலைவிவரத்தையும், தம் வகைக் குளத்திலுள்ள குறைபாடுகளையுங்கூட எழுதினார். அவ்விடைகளைத் தேடிப் படித்தவரே வாடிக்கையாளராக வந்தனர், நிறுவனம் பிழைத்தது. இன்று நம் நாட்டிற் பலர் பொருளின் படத்தை இட்டு, விலை கேட்போர்க்கு “தனியே செய்தி அனுப்புக” என்று மட்டும் விடை கூறுகின்றனர். ஆளுக்கொரு விலையோ என்னும் ஐயத்திற்கு இது இடந்தரும். சேலை விற்போர், பட்டின் தூய்மைக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தோன்றிய சில்க் மார்க் முத்திரையைக் காட்டலாம். அம்முத்திரை பட்டுக்கே சான்று; சரிகைக்குச் சான்றன்று. சரிகை எத்தகையது என்பதையும், துணியின் நிறம் திரையிற் காண்பதினும் சிறிது வேறுபடும் என்பதையும் தாமே சொல்லிவிடுதல் நன்று. தன் பொருளின் குறையைத் தானே கூறுபவன் நிறையைக் கூறும்போதும் நம்பப்படுவான்.

இரண்டாவது, பொருள் பெற்றுப் புகழ்வோரைப் பற்றியது. பின்தொடர்வோர் பலரையுடைய இன்ஃப்ளுயன்சர்களைக் கொண்டு தம் சரக்கைப் புகழச்செய்தல் இன்று பெருவழக்கு. 2015-இல் லார்ட் அண்ட் டெய்லர் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனம், அத்தகைய 50 பேர்க்கு ஓர் உடையையும், ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் கொடுத்து, அவ்வுடை அணிந்த படங்களை இன்ஸ்டாகிராமில் வெளியிடச் செய்தது. பணம் பெற்ற செய்தி படங்களிற் கூறப்படவில்லை. உடை முழுவதும் விற்றுத் தீர்ந்தது; ஆனால் 2016-இல் அந்நாட்டு வாணிக ஆணையம் அதனை ஏமாற்றெனக் குற்றஞ்சாட்ட, நிறுவனம் இனி அவ்வாறு செய்வதில்லை என்று உடன்பட்டது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பொய் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்யின் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாகும். புகழ்வோர் தாம் பெற்ற பணத்தையோ பரிசையோ எளிய மொழியில் வெளிப்படுத்தல் வேண்டுமென 2023 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறைகளும் வெளியிட்டது. சட்டத்திற்கு அஞ்சியன்றி, நம்பிக்கை கருதியும் இதனைச் செய்தல் தகும். நட்பினாற் சொன்ன சொல்லென நினைத்துப் பொருள் வாங்கியவர், அது கூலிக்குச் சொன்ன சொல்லெனப் பின்னர் அறியின், அவ்விருவர் சொல்லையும் மீண்டும் கேளார்.

மூன்றாவது, வாங்கினோர் கூறும் மதிப்புரைகளைப் பற்றியது. குறைகூறும் உரைகளை நீக்கிவிட்டு, உறவினரைக் கொண்டு புகழுரை எழுதுவித்தல் சிலர் வழக்கம். இஃது அறமன்று என்பதோடு பயனும் குறைந்தது. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்பீகல் ஆராய்ச்சி நிலையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து விண்மீன் மதிப்பில் 4.0 முதல் 4.7 வரை பெற்ற பொருள்களையே மக்கள் மிகுதியும் வாங்குகின்றனர். மதிப்பு 5-ஐ நெருங்குந்தோறும் வாங்கும் விருப்பம் குறைகின்றது. குறையே இல்லாத புகழ் ஐயத்தை விளைவிக்கின்றது என்பது கருத்து. இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய மதிப்புரைகட்கெனத் தரவிதி ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவிற் போலி மதிப்புரைகளை விற்றலையும் வாங்கலையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

நான்காவது, பிழை நேர்ந்தவிடத்து ஒப்புக்கொள்ளுதல். 2018 பிப்ரவரியில் இங்கிலாந்திற் கே.எப்.சி. உணவுக்கடைகட்குக் கோழியிறைச்சி கொண்டுவரும் பொறுப்பு வேறொரு நிறுவனத்திடம் மாற்றப்பட்டது. அதனால் இறைச்சி வந்துசேராமல், ஏறக்குறைய 900 கடைகளுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. நிறுவனத்தார் பழியை மற்றவர்மேற் சுமத்தாது, காலியான தம் உணவுப் பெட்டியின் படத்தை முழுப்பக்கமாக வெளியிட்டு, தம் பெயரின் மூன்றெழுத்தையும் இடம் மாற்றித் தம்மைத் தாமே நகையாடி, மன்னிப்புக் கேட்டனர். எந்தக் கடை திறந்துளது என்பதையும் இணையத்தில் அறிவித்தனர். அப்படம் சமூக ஊடகங்களிற் பெரிதும் பரவிப் பாராட்டுப் பெற்றது. முன்னர்க் கூறிய விமான நிறுவனத்தின் செயலோடு இதனை ஒப்புநோக்குக. பலர் காணக் குறை கூறுவோர்க்குப் பலர் காணவே விடை கூறி, இன்ன நாளுக்குள் இன்னது செய்வோம் என்று உரைத்து, அதனைச் செய்து முடித்தபின் அங்கேயே தெரிவித்தல் சிறந்த முறை. அவ்விடையைக் குறை கூறியவர் ஒருவரே படிப்பதில்லை. வாங்கலாமா என்று எண்ணி நிற்கும் நூற்றுவர் படிப்பர்.

மேற்கூறிய நான்கும் வேறு வேறு போலத் தோன்றினும் ஒன்றே. விலையை எழுதுவோன் ஆளுக்கொரு விலை சொல்லும் வாய்ப்பை இழக்கின்றான். கூலிப் புகழ்ச்சியை வெளிப்படுத்துவோன் அதன் கவர்ச்சியில் ஒரு பகுதியை இழக்கின்றான். குறையுரையை நீக்காதவன் சில விற்பனைகளை இழக்கின்றான். பிழையை ஒப்புக்கொள்பவன் தன் செருக்கை இழக்கின்றான். இவ்விழப்புக்களைப் போலி வணிகன் தாங்கான். ஆதலினாலேயே இவை நேர்மைக்கு அடையாளங்களாகின்றன.

வாங்குவோராகிய நமக்கும் இதிற் கடமை உண்டு. குறை கண்டவிடத்து மெய்யை எழுதுதலும், நிறை கண்டவிடத்து மறவாது பாராட்டுதலும், நேர்மையான வணிகனுக்கு உரிய விலையை மனமுவந்து தருதலும் நாம் செய்யத்தக்கன. அங்ஙனம் செய்வோமாயின், தூய பட்டை நெய்வோரும் விற்போரும் சந்தையை விட்டு விலகவேண்டிய நிலை வாராது.