பாடநூலில் கியூஆர் குறியீடு: பாதுகாப்பும் தனியுரிமையும்

தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. அவற்றை ஸ்கேன் செய்தால் பாடத்துக்குரிய காணொளிகள் திறக்கும். இத்தகைய குறியீட்டில் பொதுவாக இருப்பது ஓர் இணைய முகவரி. அது எங்கே இட்டுச்செல்லும் என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. வகுப்பறைச் சுவரில் உள்ள குறியீட்டின்மேல் வேறொன்றை ஒட்டிவிட்டால், மாணவர் போலித் தளத்துக்குப் போய்விடுவர். ஆகவே, திறக்குமுன் திரையில் தோன்றும் முகவரியைப் படிக்க வேண்டும்; கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டால் உடனே வெளியேற வேண்டும்.

இடைத்தளம் வழியாகச் செல்லும் 'டைனமிக்' குறியீடுகள், ஸ்கேன் செய்த நேரம், கருவியின் வகை, தோராயமான இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்யக்கூடும். நேரடி முகவரி கொண்ட குறியீட்டை ஆசிரியர் உருவாக்கினால் இந்தப் பதிவைத் தவிர்க்கலாம். மாணவரின் பெயர், மதிப்பெண் போன்றவற்றைக் குறியீட்டுக்குள் வைக்கவே கூடாது. ஸ்கேன் செய்யும் எந்தக் கைபேசியும் அவற்றைப் படித்துவிடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது.